வாட்டும் வெளிச்சமும்

எங்கள் தெருக் கோடியில் தையற்கடை வைத்திருக்கும் பாய் சென்ற ஆவணி மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. முகம் வாடியிருந்தது.

"ஸார், நீங்கள் கண்ணாடி போடுகிற டாக்டர் யார்? கை ராசிக்காரரா?" என்று கேட்டார்.

"போன மாதந்தானே புதுக் கண்ணாடி மாற்றினீர்கள், பாய்?" என்றேன்.

"ஆமாம், ஸார். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்தேன். ஆனாலும் கண் போய்விட்டது என்றுதான் தோன்றுகிறது" என்று சொல்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

உள்ளே அரக்கு நிறத்தில் ஒரு பட்டு ரவிக்கை. கல்யாணப் பெண்ணுக்குத் தைத்தது. தையல் நேர்த்தியைப் பற்றிக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் கழுத்தோரத்திலும் கையோரத்திலும் ஓடியிருந்த நூல், அரக்கு நிறமாக இல்லாமல் நல்ல காப்பிப்பொடி நிறமாக இருந்தது. ரவிக்கையில் யாரோ பென்ஸிலால் கோடு போட்டது போல் தெரிந்தது. பெண்ணின் தாயார் காலையில் வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு, நாலு பேர் காதில் விழும்படியாகப் பேசிவிட்டுப் போனாளாம். கல்யாணத்துக்கு நாலே நாள் பாக்கி.

"முப்பது வருஷமாகத் தைக்கிறேன், ஸார். ராத்திரி இரண்டு நூல் கண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. அல்லா மேல் ஆணை!" என்றார். கிழவரின் குரல் தழுதழுத்தது.

நான் அந்த இரண்டு நூல் கண்டுகளையும் எடுத்துவரச் சொன்னேன். எங்கள் வீட்டுப் பரண் மேல் பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று கிடந்தது. அதையும் எடுத்துக்கொண்டு அவருடைய கடைக்குப் போனேன். அங்கே பளீரென்று ஒரு புது எல்.இ.டி. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பழைய டியூப் லைட் போய்விட்டதால் நடைபாதைக் கடை ஒன்றில் வாங்கியதாம். "15 வாட், ஸார்! கண்ணைக் கூசுகிறது பாருங்கள்!" என்று பெருமையோடு சொன்னார். அந்த வெளிச்சத்தில் இரண்டு நூல்களையும் நானும் பார்த்தேன். இரண்டும் மங்கலான பழுப்பு நிறமாகவே தோன்றின. எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு புது விளக்கைக் கழற்றிவிட்டுக் குண்டு பல்பை மாட்டினேன். உடனே அரக்கு நூலில் சிவப்பு எழுந்து நின்றது. காப்பி நூல் காப்பி நூலாகவே இருந்தது. பாய் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

கண்ணின் மேல் குற்றமில்லை. விளக்கின் மேல்தான் குற்றம். ஆனால் அதற்கு அபராதம் கட்டியவர் பாய்: கண்ணாடிக்கு ஆயிரத்து எண்ணூறு, ரவிக்கையைப் பிரித்துத் தைக்க ஓர் இரவு, முப்பது வருஷத்துப் பெயருக்கு ஒரு களங்கம். இந்த அபராதத்தை நம்மில் பலர், காரணம் தெரியாமலே, தினமும் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதால்தான் இந்த வாரம் விளக்கைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

நாம் கடைக்குப் போய் விளக்கு வாங்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறோம்: "எத்தனை வாட்?" மாடு வாங்கப் போகிறவன், "இது ஒரு நாளைக்கு எவ்வளவு புல் தின்னும்?" என்று மாத்திரம் கேட்டுவிட்டு, எவ்வளவு பால் கறக்கும் என்று கேளாமல் ஓட்டிக்கொண்டு வந்தால் நாம் சிரிப்போம் அல்லவா? வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரத்தின் கணக்கு. அது கொடுக்கும் வெளிச்சத்தின் கணக்குக்கு லூமன் என்று பெயர்.

இந்தத் தவறு நமக்குப் பழக்கத்தினால் வந்தது. குண்டு பல்பு ஒன்றே இருந்த காலத்தில் எல்லா மாடுகளும் ஒரே ஜாதி. புல்லைச் சொன்னால் பாலும் தெரிந்துவிடும். 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 700 லூமன் வெளிச்சம் தரும். அதாவது ஒரு வாட்டுக்குச் சுமார் 12 லூமன். அது தின்ற மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் உஷ்ணமாகவே போய்விடும். இன்றைய நல்ல எல்.இ.டி. விளக்கு ஒரு வாட்டுக்கு 100 லூமனும் அதற்கு மேலும் தருகிறது. 9 வாட் விளக்கிலிருந்து 900 லூமன் கிடைக்கிறது. தினம் ஐந்து மணி நேரம் எரித்தால் 60 வாட் பல்புக்கு மாதம் 9 யூனிட் செலவாகும். 9 வாட் விளக்குக்கு ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. ஆனால் எல்லா எல்.இ.டி. விளக்கும் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. மட்டமான விளக்கு வாட்டுக்கு 60 லூமன் கொடுத்துவிட்டு, பெட்டியின் மேல் வாட்டைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டு நம்மை ஏமாற்றும். பாயின் 15 வாட் விளக்குப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். லூமன் என்ற சொல்லே அதில் இல்லை.

லூமன் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். முற்காலத்தில் வெளிச்சத்தை மெழுகுவர்த்தியைக் கொண்டே அளந்தார்கள். இங்கிலாந்தில் 1860-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, திமிங்கிலக் கொழுப்பால் செய்த, மணிக்கு 120 குன்றிமணி எடை எரியும் வர்த்தியை அளவாக வைத்தது. அந்தக் குன்றிமணி நம்முடையது அன்று; கிரெயின் என்ற ஆங்கில நிறை. பிற்பாடு வர்த்தியை நம்ப முடியாது என்று கண்டு, 1948-இல் உலக நாடுகளின் அளவு மகாநாடு காண்டெலா என்ற புது அளவை ஏற்றது. சாதாரண மெழுகுவர்த்தி ஒன்றின் பிரகாசம் ஏறக்குறைய ஒரு காண்டெலா. அது நாலு திக்கிலும், மேலும் கீழும் வீசும் வெளிச்சத்தை எல்லாம் கூட்டினால் சுமார் 12½ லூமன்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஜெர்மன் ரஸாயன நிபுணர் புன்ஸன் கண்ட உபாயம் இது. பையன்களைச் செய்யச் சொல்லுங்கள். ஒரு வெள்ளைக் காகிதத்தின் நடுவில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுங்கள். அறையை இருட்டாக்கி, காகிதத்தின் ஒரு பக்கம் மெழுகுவர்த்தியையும் மறு பக்கம் விளக்கையும் வையுங்கள். காகிதத்தை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் எண்ணெய்ப் பொட்டு கண்ணுக்குத் தெரியாமல் மறையும். அங்கே இரு பக்கத்து வெளிச்சமும் சமம். அப்போது வர்த்தி 30 சென்டிமீட்டரிலும் விளக்கு 240 சென்டிமீட்டரிலும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். விளக்கு எட்டு மடங்கு தூரத்தில் இருக்கிறது. எட்டை எட்டால் பெருக்கினால் 64. அந்த விளக்கு அந்தத் திக்கில் 64 வர்த்திகளுக்குச் சமானம். சுமார் 800 லூமன். இரண்டு வெளிச்சத்தின் நிறமும் வேறானபடியால் கணக்கு முன்பின்னாகத்தான் வரும். ஆனாலும் பெட்டி சொல்வது மெய்யா பொய்யா என்று தெரிந்துவிடும்.

எட்டை ஏன் எட்டால் பெருக்கினோம்? தூரம் இருமடங்கானால் வெளிச்சம் பாதியாவதில்லை, நாலில் ஒன்றாகிறது. மும்மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகிறது. இந்த விதி பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டு மறந்துவிட வேண்டிய விதி அன்று. புஸ்தகத்தின் மேலும் தையல் ஊசியின் மேலும் விழும் வெளிச்சத்துக்கு லக்ஸ் என்று கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் பரவினால் ஒரு லக்ஸ். 900 லூமன் விளக்கு எல்லாத் திக்கிலும் சமமாக வீசுமானால், இரண்டு மீட்டருக்குக் கீழே உள்ள புஸ்தகத்தில் அதனிடமிருந்து நேரே விழுவது 18 லக்ஸ்தான். சுண்ணாம்புச் சுவர்கள் திருப்பி அனுப்புவதைச் சேர்த்தாலும் போதாது. அதே விளக்கை ஒரு மீட்டருக்கு இறக்கினால் 72 லக்ஸ். அரை மீட்டருக்கு இறக்கி மேஜை விளக்காக வைத்தால் 288 லக்ஸ். படிப்பதற்கு 300 லக்ஸ் வேண்டும் என்றும், நுண்ணிய தையலுக்கு அதைப் போல் இரு மடங்கும் அதற்கு மேலும் வேண்டும் என்றும் நிபுணர்கள் சொல்கிறார்கள். நடுப்பகல் வெயிலில் ஒரு லக்ஷம் லக்ஸ் இருக்கிறது. பௌர்ணமி நிலவில் கால் லக்ஸ்கூடக் கிடைப்பது அரிது.

உத்தரத்தில் ஒரு விளக்கை மாட்டிவிட்டுக் குழந்தைகளைக் கீழே தரையில் உட்கார்ந்து படிக்கச் சொல்லும் பெற்றோர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். குழந்தை புஸ்தகத்தை மூக்கின்மேல் வைத்துக்கொண்டு படித்தால், "கோணாதே, நிமிர்ந்து உட்கார்!" என்று அதட்டுகிறோம். இன்னும் பெரிய வாட் விளக்காக வாங்கி அதே உத்தரத்தில் மாட்டுகிறோம். காசு செலவில்லாத வழி, இருக்கிற விளக்கைக் கீழே இறக்குவது.

அடுத்தது வெளிச்சத்தின் நிறம். பெட்டியில் 2700, 4000, 6500 என்று ஏதோ ஓர் எண் போட்டுக் 'கெல்வின்' என்று எழுதியிருக்கும். இது கொல்லன் உலையிலிருந்து வந்த கணக்கு. இரும்பைக் காய்ச்சினால் முதலில் செக்கச் சிவந்து, பிறகு மஞ்சள் கலந்து, பிறகு வெண்மையாகிறது. மேலும் மேலும் காய்ச்ச முடியுமானால் நீலம் பாயும். ஆகவே உஷ்ணத்தின் அளவைச் சொன்னால் நிறம் தெரிந்துவிடும். குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம் 2700; டியூப் லைட்டின் வெண்ணீல வெளிச்சம் 6500. வேடிக்கை என்னவென்றால், நாம் 'குளிர்ந்த வெளிச்சம்' என்று சொல்வதற்கு எண் அதிகம். 'கதகதப்பான வெளிச்சம்' என்பதற்கு எண் குறைவு. இந்த எண் வெளிச்சத்தின் பலத்தைச் சொல்லாது. 6500 என்று கண்டவுடன், "இதுதான் அதிக வெளிச்சம்" என்று வாங்குகிறவர்கள் உண்டு, அது தவறு. வேலை செய்யும் இடத்தில் 4000-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. படுக்கையறையில் 2700 அல்லது 3000 போதும். இரவில் நீலம் மிகுந்த வெளிச்சத்தில் வெகுநேரம் இருந்தால் தூக்கம் தள்ளிப்போகும் என்று வைத்திய ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

இனிப் பாயின் வழக்குக்கு வருவோம். ஒரு பொருளின் நிறம் அந்தப் பொருளிலேயே இருக்கிறது என்று நாம் நம்புகிறோம். உண்மையில் பொருள், தன்மேல் விழுந்த வெளிச்சத்தில் சில நிறங்களை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அரக்குப் பட்டு சிவப்பைத் திருப்பி அனுப்பக் கூடியது. ஆனால் விழும் வெளிச்சத்திலேயே சிவப்பு இல்லாவிட்டால் எதைத் திருப்பி அனுப்பும்? பழைய சோடியம் தெருவிளக்கின் கீழே சிவப்புக் காரும் பழுப்புக் காரும் ஒன்றாகத் தெரிவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதைதான்.

எல்.இ.டி. விளக்கின் வெண்மை பிறக்கும் விதம் இது: உள்ளே இருக்கும் சிறு வில்லை உண்மையில் நீல வெளிச்சந்தான் வீசுகிறது. அந்த நீல வில்லையைக் கண்டதற்காகத்தான் அகாஸாகி, அமானோ, நாகமுரா என்ற மூவருக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. வில்லையின் மேல் ஒரு மஞ்சள் பூச்சு இருக்கிறது. அது நீலத்தில் ஒரு பங்கை விழுங்கி மஞ்சளாக்கி விடுகிறது. நீலமும் மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகின்றன. சுவரைப் பார்த்தால் வெள்ளை; காகிதத்தைப் பார்த்தாலும் வெள்ளை. ஆனால் அந்த வெள்ளைக்குள் சிவப்பு மிகவும் குறைவு. நல்ல விளக்குச் செய்கிறவர்கள் பூச்சில் சிவப்புத் தருகிற சரக்கையும் கலக்கிறார்கள். அதற்கு விலை அதிகம். லூமன் கணக்கும் கொஞ்சம் குறையும். ஆகையால் மலிவு விளக்குக்காரர்கள் அதைத் தொடுவதில்லை.

இந்தக் குறையை அளக்கும் எண்ணுக்கு சி.ஆர்.ஐ. என்று பெயர். 'நிறம் காட்டும் எண்' என்று சொல்லலாம். குறிப்பிட்ட எட்டு நிறங்களை ஒரு விளக்கின் கீழும், அதே சாயலுள்ள மாதிரி வெளிச்சத்தின் கீழும் ஒப்பிட்டு, வித்தியாசமே இல்லாவிட்டால் 100 என்று மார்க்குப் போடுகிறார்கள். குண்டு பல்புக்கு ஏறக்குறைய நூற்றுக்கு நூறு. வீட்டுக்கு 80 இருந்தால் தேறிவிட்டது. துணி, சாயம், சித்திரம், வைத்தியம் ஆகிய தொழில்களுக்கு 90 வேண்டும். ஆனால் பரீக்ஷைப் பேப்பர் திருத்துகிற எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. அந்த எட்டு நிறங்களும் வெளிறிய நிறங்கள். அழுத்தமான சிவப்பு அவற்றில் இல்லை. அது ஒன்பதாவது நிறமாகத் தனியே இருக்கிறது; சராசரியில் சேர்வதில்லை. எனவே 80 மார்க்கு வாங்கிய விளக்குக்கூடச் சிவப்புப் பாடத்தில் முட்டை வாங்கியிருக்கலாம். சில நல்ல பெட்டிகளில் 'ஆர் 9' என்று அந்த மார்க்கையும் போடுகிறார்கள். குங்குமமும் அரக்கும் மாம்பழச் சிவப்பும் கட்டுகிற நம் தேசத்துப் பெண்மணிகளுக்கு இந்த ஒன்பதாவது மார்க்குத்தான் முக்கியம். புடைவைக் கடையில் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்க்கும் நம் பாட்டிமார்களின் வழக்கத்தைக் கேலி செய்தவன் நான். இப்போது செய்வதில்லை.

இன்னும் இரண்டு சிறு விஷயங்கள். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 தடவை அலைகிறது. ஆகவே விளக்கு 100 தடவை துடிக்கக் கூடும். குண்டு பல்பின் கம்பி அதற்குள் குளிர்ந்துவிடாது. அதனால் துடிப்பு அதிகம் இல்லை. மட்டமான எல்.இ.டி. அப்படியே துடிக்கும். கண் அதை நேரே காணாவிட்டாலும் சிலருக்குத் தலைவலியும் கண்வலியும் வரும். சோதிப்பது சுலபம்: விளக்கின் கீழே ஒரு பென்ஸிலை வேகமாக ஆட்டுங்கள். மங்கலான விசிறியாகத் தெரிந்தால் நல்ல விளக்கு. தனித்தனியாகப் பல பென்ஸில்கள் தெரிந்தால் துடிக்கிற விளக்கு. இப்படிப்பட்ட விளக்கில் ஓடுகிற சக்கரம் நிற்பது போலவும் தோன்றக் கூடும். தையல் யந்திரத்துக்கும் கடைசல் பட்டறைக்கும் ஆகாது. மற்றொன்று ஆயுள். '25,000 மணி' என்றால் தினம் ஐந்து மணி வீதம் பதின்மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. பொதுவாக அந்தக் கணக்கு, வெளிச்சம் 100-லிருந்து 70-ஆகக் குறைகிற வரைக்குந்தான். அதற்குள்ளும், காற்றோட்டமில்லாத மூடிய கூட்டுக்குள் வைத்தால் உஷ்ணத்தினால் உள்ளிருக்கும் மின்சாரச் சில்லுகள் முன்னதாகவே கெட்டுப்போகும்.

நம் தேசம் விளக்கு விஷயத்தில் ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறது. 2015 ஜனவரி 5-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தின் மூலம் 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் வீடுகளுக்குப் போயின. 2014-இல் சர்க்கார் கொள்முதலில் 310 ரூபாயாக இருந்த விளக்கு 2016-இல் 38 ரூபாய்க்கு வந்தது. இது சாதாரண சாதனை அன்று. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கற்றுக்கொண்டோம். வெளிச்சத்தின் தரத்தைக் கேட்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. கேட்காத வரையில் கடைக்காரர் ஏன் சொல்லப் போகிறார்? ஐ.எஸ்.ஐ. நிறுவனத்தின் வாரிசான பி.ஐ.எஸ்.ஸின் பதிவு எண்ணும், நக்ஷத்திரச் சீட்டும் பெட்டியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு நாலு கேள்விகள் கேளுங்கள்: எத்தனை லூமன்? எத்தனை கெல்வின்? சி.ஆர்.ஐ. எவ்வளவு? போட்டுக் காட்டுங்கள், பென்ஸிலை ஆட்டிப் பார்க்கிறேன்.

மறுநாள் பாயும் நானும் கடைத்தெருவுக்குப் போய் இந்த நாலு கேள்விகளையும் கேட்டோம். முதல் இரண்டு கடைகளில், "வாட்டைச் சொல்லுங்கள், ஸார்" என்றார்கள். மூன்றாவது கடையில் இருந்த பையன் மேல் தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தான். 9 வாட், 900 லூமன், 4000 கெல்வின், சி.ஆர்.ஐ. 90. நடைபாதை விளக்கைவிட விலை இரண்டு பங்கு. பாய் தயங்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து இரண்டு நூல் கண்டுகளையும் எடுத்து அந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார். விளக்கை யந்திரத்துக்கு மேலே அரை மீட்டரில் தொங்கவிட்டோம். அன்று இரவே ரவிக்கையின் தையலைப் பிரித்து அரக்கு நூலால் தைத்துக் கல்யாண வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். கூலி வாங்கிக்கொள்ளவில்லையாம்.

சென்ற வாரம் அந்தப் பக்கமாகப் போனபோது பாய் கூப்பிட்டார். பெண்ணின் தாயார் அடுத்த பெண்ணுக்கு ரவிக்கை தைக்கத் துணி கொண்டுவந்து கொடுத்திருந்தாள். "துணியைக் கையில் கொடுத்ததும் அந்த அம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஸார். மேலே விளக்கைத்தான் அண்ணாந்து பார்த்தாள்" என்று சொல்லிச் சிரித்தார்.